கம்பி வீட்டோடு, சிலிண்டர் நம்மோடு



மே மாதக் கடைசி வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி, வீடு மாறுவது பற்றியதாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புது ஊரில் குடியேறிவிட வேண்டும் என்ற அவசரம். கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கிய மாணவி, மறைமலை நகரில் வேலை கிடைத்து வாடகை வீடு பிடித்திருக்கும் மாணவன், கல்பாக்கத்திலிருந்து வெளிமாநிலத்துக்கு மாற்றலாகிப் போகும் என் தம்பி மகன் என்று எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சார், ஈ.பி.க்கு என்ன செய்யணும்? கேஸை எப்படி மாத்தணும்?"

சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரத்தோடுதான் பதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் சரித்திரம் தெரிந்தால்தான் விதி புரியும், விதி புரிந்தால்தான் பணம் மிச்சமாகும்.

முதலில் ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மின்சாரம் வீட்டுக்குச் சொந்தம், கேஸ் குடும்பத்துக்குச் சொந்தம். வீடு மாறும்போது மின்சாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம், கேஸ் இணைப்பை நம்மோடு கொண்டு வருகிறோம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் முக்கால்வாசிச் சிக்கல்கள் வருகின்றன. ஏன் இப்படி ஆனது என்பதுதான் இன்றைய பாடம்.

*விறகும் விளக்கும் இருந்த காலம்*

என் சிறு வயதில் செங்கல்பட்டில் நாங்கள் வீடு மாறியபோது எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. அரிக்கேன் விளக்கு, பம்ப் ஸ்டவ், அம்மி, ஆட்டுக்கல், டிரங்குப் பெட்டி எல்லாம் ஒரே மாட்டு வண்டியில் ஏறின. விறகுத் தொட்டியில் விறகு வாங்கினோம், கடையில் மண்ணெண்ணெய் வாங்கினோம். வெளிச்சமும் நெருப்பும் காசு கொடுத்து அன்றன்று வாங்கும் சரக்கு. அதில் யார் பெயரும் எழுதியிருக்காது.

அந்த விறகு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கடற்கரையிலிருந்துதான். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை மணலில் வரிசையாக நின்ற சவுக்குத் தோப்புகளை இப்போது ரிசார்ட்டுகளுக்கு நடுவே அங்கங்கே பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கு பெரிய அளவில் நடப்பட்டதற்கு முக்கியக் காரணம் விறகு. அப்போது ரயில் இன்ஜின்களுக்கும் விறகு தேவைப்பட்டது, சென்னை நகரத்துச் சமையலறைகளுக்கும் தேவைப்பட்டது. வெட்டிய கட்டைகள் பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் ஏறிப் பட்டணம் போயின. அந்தக் கால்வாயின் வடக்குப் பகுதியையும் தெற்குப் பகுதியையும் சென்னைக்குள் இணைக்கும் துண்டு, 1877-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த மக்கள் வெட்டிய கால்வாயில், பட்டணத்து அடுப்புக்கு விறகு போயிற்று.

நூறு வருடம் கழித்து அதே கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையம் வந்தது. முதல் அலகு 1984 ஜனவரியிலும், இரண்டாவது அலகு 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அன்று படகில் போன எரிபொருள் இன்று உயர் அழுத்தக் கம்பியில் போகிறது. விறகுக் கட்டையைப் படகிலிருந்து இறக்கி யாரும் வாங்கிப் போகலாம். கம்பியில் வருவதை அப்படி வாங்க முடியாது. அதற்குக் கம்பம் வேண்டும், மீட்டர் வேண்டும், கதவு எண் வேண்டும். வீட்டோடு கட்டப்பட்ட உறவு அங்கேதான் தொடங்குகிறது.

*கம்பி வந்த கதை*

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895இல். வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் கொடுக்க அதன் பிறகுதான் கம்பெனி வந்தது. மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்பது தனியார் கம்பெனி. அரசாங்கம் உரிமம் கொடுக்கும், கம்பெனி கம்பி இழுக்கும். இப்படிப்பட்ட கம்பெனிகளை ஒழுங்குபடுத்த வந்ததுதான் 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு சொற்றொடர் உண்டு. மின்சாரம் கேட்கும் உரிமை யாருக்கு? கட்டிடத்தின் "உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்" என்று சட்டம் சொன்னது. அப்படியென்றால் வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். ஆனால் கேட்பது தனக்காக அல்ல, அந்தக் கட்டிடத்துக்காக. 1910இல் எழுதிய இந்தச் சொல், இன்று நடப்பில் இருக்கும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. நுகர்வோர் யார் என்பதற்கான விளக்கத்திலேயே, யாருடைய கட்டிடம் தற்போது மின்கம்பியோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அவரும் நுகர்வோர் என்று வருகிறது.

கம்பெனிகள் லாபம் உள்ள ஊர்களைப் பார்த்துப் போயின. சென்னைக்கு ஒன்று, சேலம்-ஈரோட்டுக்கு ஒன்று என்ற மாதிரி. மற்ற இடங்களுக்கு அரசாங்கம்தான் வர வேண்டியிருந்தது. 1927இல் சென்னை மாகாண அரசு தனி மின்சாரத் துறையை உருவாக்கியது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா, 1937இல் மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. 1947இல் சென்னையின் தனியார் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1ஆம் தேதி மின்வாரியம் பிறந்தது. நாம் "ஈ.பி." என்று சொல்லும் எழுத்துகள் அன்று வந்தவை.

காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் மின்துறை அமைச்சராகவும் இருந்த அந்தக் காலத்தில் கம்பி கிராமங்களுக்குள் வேகமாக நுழைந்தது. ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில், வயல் கிணறுகளில் கவலை இறைத்த இடத்தில் பம்ப்செட் வந்தது. 1965இல் தாம்பரத்துக்குத் தெற்கே ரயில் பாதையும் மின்மயமானது.

2010 நவம்பரில் வாரியம் பிரிந்து டான்ஜெட்கோ வந்தது. 2024இல் அதுவும் பிரிந்து, இப்போது ரசீதில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று இருக்கிறது. பெயர் எத்தனை முறை மாறினாலும் நம் வீட்டுக்குக் கம்பி இழுப்பது ஒரே நிறுவனம்தான். லண்டனில் இருக்கும் நம் மாணவன், வீடு மாறியதும் எந்தக் கம்பெனி மலிவு என்று பார்த்து மாற்றிக்கொள்கிறான். 1990களின் இறுதியில் பிரிட்டன், வீடுகளுக்கான மின்சாரத்தையும் கேஸையும் போட்டிக்குத் திறந்துவிட்டது. மீட்டர் வீட்டோடு இருக்கும், விற்பவரை மட்டும் மாற்றலாம். நமக்கு அந்தத் தேர்வு இல்லை. அதனால் நாம் கவனிக்க வேண்டியது கம்பெனியை அல்ல, அந்த மீட்டரின் பூர்வீகத்தை.

*மீட்டருக்கும் ஜாதகம் உண்டு*

வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்கிறோம். பட்டா பார்க்கிறோம். வாஸ்துகூடப் பார்க்கிறோம். மீட்டர் பாக்கியைப் பார்க்கிறோமா?

என் மாணவர் ஒருவர், திருக்கழுக்குன்றம் பக்கம் பல காலம் மூடிக்கிடந்த ஒரு கட்டிடத்தை ஏலத்தில் வாங்கினார். மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சி ஒரு வாரம்தான். மின் இணைப்பு கேட்டுப் போனபோது, முன்பு இருந்தவர் கட்டாமல் விட்டுப் போன பாக்கி லட்சத்தைத் தாண்டி நின்றது. "நான் எரிக்காத கரண்டுக்கு நான் ஏன் சார் கட்டணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாட்டின் உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியோடு கால் நூற்றாண்டுக்கு மேல் மல்லாடியிருக்கிறது.

1995இல் இஷா மார்பிள்ஸ் வழக்கில், ஏலத்தில் வாங்கியவர் பழைய நுகர்வோரின் பாக்கிக்குப் பொறுப்பல்ல என்று தீர்ப்பு வந்தது. பாக்கி வைத்தவர் ஒருவர், வாங்கியவர் வேறொருவர் என்பது அதன் தர்க்கம். அதன் பிறகு பல மாநிலங்களில், பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் புது இணைப்பு என்று விதிகள் எழுதப்பட்டன. வழக்குகள் குவிந்தன. 2023 மே மாதம் கே.சி. நைனான் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது. அப்படி விதி இருந்தால், பழைய பாக்கியைக் கட்டச் சொல்லி நிபந்தனை விதிக்கலாம் என்பது அதன் சாரம். பாக்கி மனிதரைத் துரத்துவதோடு நிற்காமல் கட்டிடத்தையும் பிடித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

ஆகவே வீடோ கடையோ வாங்குகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மின் இணைப்பு எண்ணை வாங்கிப் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரிவு அலுவலகத்தில் நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் நல்லது.

மீட்டரின் ஜாதகத்தில் இரண்டாவது கட்டம், கட்டண வகை. மாமல்லபுரத்து நண்பர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அங்கே பல வீடுகளின் முன்பக்கம் சிற்பக்கூடமாக இருக்கும். உளியும் சுத்தியலும் மட்டும் இருந்த காலத்தில் மின்சாரத்துக்கு வேலையில்லை. இன்று கல் அறுக்கும் மெஷின் இல்லாத பட்டறை இல்லை. அப்படி இருந்த இடத்தில் குடித்தனம் போனால், இணைப்பு வீட்டு வகையில் இருக்கிறதா, தொழில் வகையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வகையில் இல்லாவிட்டால், 2016 மே மாதம் முதல் கிடைத்துவரும் 100 யூனிட் இலவசம் கிடைக்காது. நேர்மாறாக, வீட்டு இணைப்பை வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகளுக்கு ரூம் விட்டால், 2003 சட்டத்தின் 126ஆம் பிரிவு பாயும். அதன்படி இரண்டு மடங்கு கட்டணம் கணக்கிடுவார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் பின்னோக்கியும் கணக்கிடலாம்.

மூன்றாவது கட்டம் வாடகைக்கு இருப்பவர்களுக்கானது. நம் மாநிலத்தில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. நீங்கள் வீடு மாறும் தேதிக்கும் ரீடிங் எடுக்கும் தேதிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. பழைய குடித்தனக்காரர் ஒரு மாதம் ஏ.சி. போட்டு 350 யூனிட் எரித்திருக்கிறார், நீங்கள் அடுத்த மாதம் 200 யூனிட் எரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 550. வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில படிகளுக்கும் விலை ஏறிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே சிக்கனக்காரர்கள்தான். சேர்த்துப் பார்த்தால் செலவாளிகள். இலவச 100 யூனிட்டும் அந்த ஒரு பில்லுக்கு ஒரு முறைதான். இதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று வீட்டுக்காரரோடு தகராறு வருவதைவிட, சாவி வாங்கும் நாளிலேயே மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். "இன்று காலை ரீடிங் இது" என்று ஒரு வரி எழுதினால் போதும். காலி செய்யும் நாளிலும் அதே மாதிரி.

வாடகைத் தகராறில் வீட்டுக்காரர் ஃபியூஸைப் பிடுங்குவது பழைய வழக்கம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே இப்படி அடிப்படை வசதிகளைத் தடுக்கக் கூடாது என்றது. அதற்குப் பதிலாக 2019இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. பில் கட்டாவிட்டால் மின் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். அதற்கும் முன்னறிவிப்பு வேண்டும். 1910 சட்டத்தில் 7 நாள், 2003 சட்டத்தில் 15 நாள்.

*இறந்தவர் பெயரில் எரியும் விளக்கு*

இனி பெயர் விஷயம். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள் அல்லவா? கெடு 2023 பிப்ரவரி வரை நீண்டது. அப்போதுதான் பல வீடுகளில் பெட்டியைத் திறந்து பழைய அட்டையைப் பார்த்தார்கள். தாத்தா பெயர், அவர் தகப்பனார் பெயர், முப்பது வருடத்துக்கு முன் வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயர்! அதே ஆண்டு ஜூலையில் பெயர் மாற்றத்துக்குச் சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

கம்பி வீட்டுக்குச் சொந்தம் என்பதால் வந்த அலட்சியம் இது. யார் பெயரில் இருந்தாலும் விளக்கு எரிகிறது, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். வீட்டை விற்க, கடன் வாங்க, இணைப்பின் திறனைக் கூட்ட, சோலார் போடப் போகும்போது அந்தப் பெயர் குறுக்கே வந்து நிற்கும். வீடு வாங்கியவர்கள் கிரயப் பத்திரமும் சொத்துவரி ரசீதும் கையில் இருக்கும்போதே பெயர் மாற்றிவிடுங்கள். பெற்றோர் காலமான வீடுகளில் வாரிசுச் சான்று வாங்கிய கையோடு இதையும் முடியுங்கள். அண்ணன் தம்பிக்குள் நல்ல பேச்சு இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவது உத்தமம்.

*சிலிண்டர் வந்த கதை*

இனி கேஸ். லண்டனில் 1812இலேயே கேஸ் கம்பெனி வந்துவிட்டது. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைத் தெருவுக்கடியில் குழாயில் விட்டார்கள். கல்கத்தாவில் 1857இல் தெருவிளக்குகள் கேஸில் எரிந்தன. குழாயில் வரும் கேஸும் மின்கம்பி மாதிரிதான், வீட்டோடு கட்டியது. ஆனால் நம் வீட்டு அடுப்புக்கு வந்த கேஸ் குழாயில் வரவில்லை, இரும்பு உருளையில் வந்தது. அதனால் அதன் விதியே வேறாகிவிட்டது.

இந்தியாவில் எல்.பி.ஜி. விற்பனையை 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் தொடங்கியது. அதன் பெயர் பர்ஷேன். இந்தியன் ஆயிலின் இண்டேன் முதல் இணைப்பு கல்கத்தாவில், 1965 அக்டோபரில். 1969இல் மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1970களில் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகள் அரசுடைமையாயின. எஸ்ஸோ இந்துஸ்தான் பெட்ரோலியமானது, பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியமானது. ஆக, நம் மூன்று கேஸ் கம்பெனிகளும் பொதுத்துறைக் கம்பெனிகள்.

கேஸுக்கு அப்போது இருந்த பஞ்சத்தை இன்றைய பிள்ளைகளால் கற்பனை செய்ய முடியாது. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இத்தனை கேஸ் கூப்பன் என்று கோட்டாவே இருந்தது. எங்கள் வீட்டுக்கு இணைப்பு வந்தது, பதிவு செய்து ஆறு வருடம் கழித்து. சிலிண்டரை இறக்கிய அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மனைவி அதற்குக் குங்குமம் வைத்துத்தான் பற்றவைத்தார்.

கிடைப்பதற்கு அரிய பொருள் என்றால் அரசாங்கம் கணக்கு வைக்கும். கணக்கு வைக்க ஒரு புத்தகம் வேண்டும். கேஸுக்கு அந்தப் புத்தகம் குடும்ப அட்டை ஆயிற்று. எத்தனை சிலிண்டர் என்று ரேஷன் கார்டில் முத்திரை குத்தினார்கள், அதற்கேற்ப மண்ணெண்ணெய் அளவைக் குறைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்பு என்ற விதி வந்தது. 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டருக்கு ஆண்டுக்கு 6 என்று வரம்பு வைத்தார்கள், பிறகு அது 9 ஆகி 12 ஆனது. 2015 ஜனவரி முதல் நாடு முழுவதும் மானியம் வங்கிக் கணக்குக்குப் போனது. ஒவ்வொரு படியிலும் கேஸ் வீட்டை விட்டு விலகி, ஆளையும் குடும்பத்தையும் ஒட்டிக்கொண்டது. மின்சாரம் கதவு எண்ணைக் கேட்கிறது. கேஸ் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் கேட்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டரும் ரெகுலேட்டரும் நமக்குச் சொந்தமல்ல. கம்பெனியின் பொருளை வைப்புத்தொகை கட்டி வைத்திருக்கிறோம். அதற்குச் சாட்சி முதல் நாள் கொடுத்த சந்தா வவுச்சர். அந்தக் காகிதம்தான் உங்கள் கேஸின் பத்திரம். அதை நீலப் புத்தகத்துக்குள் மடித்து வைத்து எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டவிடாதீர்கள்.

*ஊருக்குள் மாறுவதும் ஊர் விட்டு மாறுவதும்*

ஒரே ஊருக்குள் வேறு தெருவுக்குப் போனால் ஏஜென்சியில் முகவரியை மாற்றினால் போதும். வேறு ஏஜென்சியின் எல்லைக்குள் போனால், அதே கம்பெனிக்குள் இணைப்பை மாற்றித் தருவார்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. தூரத்து ஊருக்குப் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, மாற்றல் வவுச்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். புது ஊரில் அதே கம்பெனி ஏஜென்சியில் அதைக் கொடுத்தால் இணைப்பு தொடரும். அடுப்பு மட்டும் உங்களுடையது, அதை எடுத்துப் போங்கள். ரப்பர் டியூபைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

"எதற்கு சார் ஒப்படைச்சுட்டு மறுபடி வாங்கணும்? சாமானோட சாமானா ஏத்திட்டா போச்சு" என்று கேட்டார் என் தம்பி மகன். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நடந்ததை நினைத்துக்கொள் என்று சொன்னேன். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து, நின்றிருந்த பெட்டியிலேயே பயணிகள் கருகிப் போனார்கள். புண்ணிய யாத்திரை வந்தவர்கள். ரயிலில் சிலிண்டர் கூடாது என்ற விதி காகிதத்தில் இருக்கிறது. அது ஏன் இருக்கிறது என்பதை அந்த விடியற்காலை சொல்லிவிட்டது.

பெயர் விஷயம் கேஸில் இன்னும் கடுமை. மின்சாரம் யார் பெயரில் இருந்தாலும் விளக்கு எரியும். கேஸ் அப்படியல்ல. எங்கள் சித்தி ஒருவர், சித்தப்பா காலமான பிறகு மதுராந்தகத்திலிருந்து தாம்பரத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் தனி வீடு எடுத்துக் குடிபோனார். நாற்பது வருடம் அந்த அடுப்பில் வெந்தவர் அவர்தான். ஆனால் புத்தகத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் ஒப்புதல் எல்லாம் திரட்டிப் பெயர் மாற்றி, பிறகு ஊர் மாற்றி முடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அதுவரை இண்டக்‌ஷன் அடுப்பில் ஒப்பேற்றினார்.

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பைக் குடும்பத்துப் பெண் பெயரில்தான் தருகிறார்கள். 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தபோது நம் கிராமங்களில் விறகு அடுப்பு மூலைக்குப் போனது. எல்லா மாற்றமும் பெண்களின் கண்ணெரிச்சலைப் போக்க வந்ததுதான். ஆனால் நடுத்தரக் குடும்பங்களில் பழைய இணைப்புகள் இன்னும் ஆண்கள் பெயரிலேயே கிடக்கின்றன. கணவன் மனைவி இருவரும் நன்றாக இருக்கும்போதே ஏஜென்சிக்குப் போய் விசாரித்து மனைவி பெயருக்கு மாற்றிவிடுங்கள். இதை அபசகுனமாக நினைக்காதீர்கள். சமைப்பவர் பெயரில் அடுப்பு இருப்பது நியாயம்தானே.

*மறுபடியும் குழாய்*

கதை இங்கே முடியவில்லை. எண்ணூரில் 2019இல் இயற்கை எரிவாயு இறக்கும் முனையம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே காஞ்சிபுரம் பகுதிக்கு, அதாவது இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து, குழாய் கேஸ் உரிமம் ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. 1910இல் மின்சாரத்துக்கு நடந்ததேதான்: அரசு உரிமம் கொடுக்கும், கம்பெனி குழாய் பதிக்கும். புது அடுக்குமாடிகளில் சமையலறைச் சுவரில் மஞ்சள் குழாயும் சின்ன மீட்டரும் பார்த்திருப்பீர்கள்.

குழாய் வந்துவிட்டால் கேஸும் வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். அப்போது காலி செய்யும் நாளில் இரண்டு மீட்டரைப் போட்டோ எடுக்க வேண்டும். முன்பு இருந்தவர் கேஸ் பாக்கி வைத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கேஸ் யார் கணக்கு என்று எழுத வேண்டும். குழாய் உள்ள வீட்டிலிருந்து குழாய் இல்லாத வீட்டுக்குப் போனால் அடுப்புக்கு வழியில்லாமல் நிற்கக் கூடாது. ஆகவே குழாய் வந்த மகிழ்ச்சியில் சிலிண்டர் இணைப்பை என்ன செய்வது என்பதை அவசரப்படாமல், ஏஜென்சியில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

*சுருக்கமாக*

வகுப்பு முடியும் முன் கரும்பலகையில் எழுதிப் போடும் பழக்கம் போகவில்லை.

1. வீடு வாங்குமுன் மின் இணைப்பு எண், பாக்கி, கட்டண வகை மூன்றையும் பாருங்கள்.
2. குடி போகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் மீட்டர் போட்டோ. அனுப்பியதற்குச் சாட்சி வேண்டும்.
3. சொந்த வீடானால் உடனே பெயர் மாற்றம்.
4. கேஸ் வவுச்சரைப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். வீடு மாற ஒரு மாதம் முன்பே ஏஜென்சிக்குச் சொல்லுங்கள்.
5. சிலிண்டர் ரயில் ஏறக் கூடாது, பஸ் ஏறக் கூடாது.
6. புது வீட்டில் கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906க்கு போன் செய்யுங்கள். மின் புகாருக்கு மின்னகம் 94987 94987.

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். சட்டம் 1910லிருந்தே "குடியிருப்பவர்" என்ற சொல்லை வைத்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கும், கணவரை இழந்தவருக்கும், ஏலத்தில் வாங்கியவருக்கும் விளக்கு வேண்டும், அடுப்பு வேண்டும். உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைக் கையில் வாங்கித் தருவது ஒரு ரசீதும், ஒரு போட்டோவும், சரியான இடத்தில் எழுதிய ஒரு பெயரும்தான். இன்று இரவே உங்கள் வீட்டு மின் அட்டையையும் கேஸ் புத்தகத்தையும் எடுத்து, யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல்.

புது வீட்டில் பால் காய்ச்சப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். பால் பொங்கட்டும், விளக்கு எரியட்டும்.